மீசை வரைக்கும்

முதலில் கால். கணுக்காலில் பவுடரைத் தட்டிவிட்டு, மெஷினைக் காதோரம் வைத்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் முடி எடுக்கிற இஞ்ஞாசி இடது காலில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தான். முடி சுருண்டு சுருண்டு பச்சை விரிப்பில் விழுந்தது. நாளைக் காலையில் தவமணிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துக்கொண்டுவிட்டன, காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி அங்கே ஒட்டுப்போட வேண்டும், அதற்கு முன்னால் உடம்பில் ஒரு முடி இருக்கக்கூடாது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இந்தச் சின்ன அறைக்கு அழைத்துவந்து, துணியெல்லாம் வாங்கிக்கொண்டு, முடிச்சுப் போடும் நீல அங்கியைக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். அங்கிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிற வாத்தியார் கொஞ்ச நேரம் திண்டாடினார். "கட்டை விரல்ல முடியே இல்லையே சார், ஏற்கெனவே எடுத்துட்டீங்களா?" என்று இஞ்ஞாசி கேட்டான். இல்லை, தானாகவே போய்விட்டது. ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் முதலில் முடிதான் போகும். செருப்பு வார் உரசி உரசிப் போயிருக்கும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார், வேறு யாராவது சொல்லியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பார். தன் கால் விஷயத்தில் மட்டும் செருப்பைக் குற்றம் சொல்லி இருந்துவிட்டார்.

உள்ளங்காலில் முளைக்காது, உள்ளங்கையில் முளைக்காது, உதட்டில் முளைக்காது, மற்ற எல்லா இடத்திலும் உண்டு, கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ. வருஷா வருஷம் இதே பாடம். வகுப்பில் உரோமம் என்றுதான் சொல்வார், மயிர் என்று சொல்லித் தொலைத்தால் அன்றைக்குப் பாடம் அத்தோடு சரி. புருவம் நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் தடுக்க, இமைமுடி தூசிக்கு, மூக்குக்குள் இருப்பதும் தூசிக்கு. அக்குள் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒருமுறை காளீஸ்வரி என்கிற பெண் எழுந்து நின்று, "அப்ப மீசை எதுக்கு சார்? தூசிக்கா, வேர்வைக்கா?" என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஹார்மோன் என்று சொல்லி உட்கார வைத்தார். எப்படி முளைக்கிறது என்பதற்குத்தான் அது பதில், எதற்கு என்பதற்கு இல்லை என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. மெஷின் தொடையில் ஏறியது. குளிர்காற்று பட்டு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதையும் நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு முடிக்கும் அடியில் குட்டியாக ஒரு தசை, குளிரிலும் பயத்திலும் அது முடியைப் பிடித்து நிறுத்தும், பூனை சிலிர்த்துப் பெரிதாகக் காட்டி எதிரியை மிரட்டும். மனுஷனுக்கு மிரட்ட ஒன்றும் மிச்சமில்லை, தசை மட்டும் பழைய வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறது. இப்போது அது நிறுத்திப் பார்க்கிற முடியையும் இஞ்ஞாசி வழித்துக்கொண்டே வருகிறான். குளிரா பயமா? குளிர்தான். ஏ.சி. அதிகம். குளிர்தான் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டதுமே அது குளிர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"கையைத் தூக்குங்க சார்." தூக்கினார். பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போன இடம் அது, இப்போது யாரோ ஒருவன் அதற்குள் முகத்தை நுழைத்து வேலை பார்க்கிறான். கல்யாணமான புதிதில் செல்வராணி தலையில் எண்ணெய் தேய்க்கும்போது ரெட்டைச் சுழியைக் கண்டுபிடித்து, "ரெண்டு பொண்டாட்டிக்காரனை எந்தலையில கட்டிட்டாங்களே" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவள் தம்பியோடு ரத்தம் கொடுக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போயிருக்கிறாள். அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். "பம்பிங் ரொம்பக் குறைச்சலா இருக்கு. நாங்க நல்லாத்தான் செய்வோம். இருந்தாலும் வீட்ல சொல்லி வச்சிருங்க" என்று டாக்டர் சொன்னதில் நல்லாத்தான் செய்வோம் வரைக்கும் அவளிடம் சொன்னார். சொல்லி வைப்பது என்றால் என்ன சொல்லி வைப்பது? அப்பாவிடம் அதுகூட இல்லை. சின்ன ஆபரேஷன், நாலு நாளில் வீடு என்றார். அப்பா தலையை ஆட்டினார். வெளியே நடையில் போட்டிருக்கிற இரும்பு நாற்காலியில், துண்டைத் தொடையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சீனிச்சாமி டிரைவர் என்றால் சாத்தூர் கோவில்பட்டி ரூட்டில் ஒரு காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. எதிரே வருகிற லாரி டிரைவர் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று லைட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரிடம் போய் நாலு நாளில் வீடு என்று பொய் சொன்னால் ஒட்டுமா? ஒட்டாது, ஆனால் திருப்பிக் கேட்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

மெஷின் முன்னங்கைக்கு வந்தது. அப்பாவின் முன்னங்கை இதைவிட இரண்டு மடங்கு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் சாக்கு விரித்து உட்கார வைத்துக்கொள்வார், தொடை சுடும். தவமணி ரோட்டைப் பார்க்க மாட்டான், அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த முடியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்று மின்னும். அம்மா செத்துப்போய் அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. மூன்றாம் வகுப்பு முடிந்த லீவு. மோட்டார் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவன் தலையை வழித்தார்கள், அழக்கூடத் தோன்றாமல் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மீசை இருந்தா அதையும் எடுக்கணும், இவனுக்கு எங்க, பால்குடி மாறாத பய" என்று யாரோ சொன்னார்கள். அன்று ராத்திரியிலிருந்து அப்பா பக்கத்தில்தான் படுக்கை. அப்பாவின் மார்முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். வலிக்கத்தான் செய்திருக்கும், அந்த மனுஷன் ஒருநாள்கூடக் கையை எடுத்துவிட்டதில்லை. பிறந்த குழந்தை விரலைக் கொடுத்தால் இறுகப் பிடிக்கிறது இல்லையா, அதைப் பாடத்தில் நடத்தும்போதெல்லாம் தவமணி தன் விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொள்வார். குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கின காலத்துப் பிடி அது, ரோமம் போய்விட்டது, பிடி போகவில்லை என்று விளக்குவார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பிடிக்கிறவனைப் பற்றித்தான் பாடத்தில் இருக்கிறது, பிடி கொடுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தவனுக்கு எப்படி இருந்தது என்று இல்லை.

"மூச்சை லேசா விடுங்க சார், நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது." மெஷின் மார்புக்கு வந்துவிட்டது. இங்கேதான். இந்த நடு எலும்பில்தான் நாளைக்கு ரம்பம். கழுத்துக்குழியிலிருந்து தொப்புளுக்கு மேல்வரை ஒரு பாதை விழுந்தது, அந்தப் பக்கம் கறுப்பு, இந்தப் பக்கம் கறுப்பு, நடுவில் வெளுத்த தோல். அதைப் பார்க்கக் கூடாது என்று விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தில் டியூப் லைட்டுக்குள் செத்த பூச்சிகள். வயிற்றுக்குள் குழந்தைக்கு ஐந்து மாதத்தில் உடம்பெல்லாம் பூமுடி முளைக்கும், பிறப்பதற்குள் உதிர்ந்துவிடும், உதிர்ந்ததைத் தண்ணீரோடு தண்ணீராகக் குழந்தையே விழுங்கிவிடும். வரும்போதும் வழித்துத்தான் அனுப்புகிறார்கள். போகும்போது? செத்த பிறகும் முடி வளரும் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய் என்று வகுப்பில் குஷியாகச் சொல்வார். தோல் காய்ந்து உள்ளே சுருங்குகிறது, அதனால் முடி வெளியே வந்த மாதிரித் தெரிகிறது, வளருவதற்கு உயிர் வேண்டாமா என்பார். கடைசி பெஞ்சில் ஒரு பையன், "நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்பான். பார்த்ததில்லை. வழித்த முகத்தில் மறுநாள் லேசாகத் தட்டுப்படுமாம் முள்ளு. தன் முகத்தைத் தடவிப் பார்ப்பது யார்? செல்வராணி தொடமாட்டாள், பயப்படுவாள். அப்பா தொடுவார். சே, என்ன நினைப்பு இது. வேறு எதையாவது நினை. ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் திருத்தாமல் கிடக்கிறது, அதை நினை. பேப்பர்க்கட்டு மேஜைமேல் ரப்பர்பேண்டு போட்டபடி கிடக்கிறது, அதை யார் திருத்துவார்கள், புது வாத்தியார் வருவார், அவர் திருத்துவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேயே கொண்டுவந்து விடுகிறது பாழாய்ப் போன மனசு.

கழுத்து முடிந்தது. தாடை முடிந்தது, சோப்பு நுரையும் பிளேடும். இஞ்ஞாசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் அவருடைய மூக்கை மேலே தூக்கினான். தவமணி படக்கென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மீசை வேணாம்."

"வாயில குழாய் விட்டு பிளாஸ்திரி போடுவாங்க சார். மீசை இருந்தா பிடிக்காது, வழுக்கிரும்."

"எங்க அப்பா இருக்காரு."

"அதான் வெளிய பார்த்தேனே. இருக்கட்டும் சார், அவரை ஒண்ணும் பண்ண மாட்டோம்." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையை இழுத்துக்கொண்டான். "ஓ. அதைச் சொல்றீங்களா."

அதைத்தான் சொன்னார். அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளை மீசையை எடுக்கக் கூடாது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற அன்றைக்குத்தான் அதை எடுப்பது, முன்னாலேயே எடுத்தால் அந்த நாளைக் கூப்பிட்ட மாதிரி. சின்னையா மகன் ராஜாமணி மெட்ராஸுக்கு வேலைக்குப் போய் சினிமாக்காரன் மாதிரி மழுமழுவென்று பொங்கலுக்கு வந்து நின்றான். சித்தி அவனைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் சின்னையா கிணற்றுமேட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி போய்விட்டார். அவருக்குச் சர்க்கரை முற்றிப் போயிருந்தது, காலில் ஆறாத புண், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம். அதெல்லாம் யார் பேச்சிலும் வரவில்லை. மீசைதான். ராஜாமணி இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. காரணமும் காரியமும் வேறு, அடுத்தடுத்து நடப்பது வேறு என்று தவமணி எத்தனையோ வகுப்பில் இதையே பெயர் சொல்லாமல் உதாரணம் காட்டியிருக்கிறார். காட்டிவிட்டு, சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று மீசையை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சவரம் செய்வார். நம்பிக்கையில்லை, எடுத்ததும் இல்லை. இந்த இஞ்ஞாசி மூக்குக்குக் கீழே பளிச்சென்று இருக்கிறான். "உங்க அப்பா?" என்று கேட்டார். "திண்டுக்கல்ல இருக்காரு சார், கல்லு மாதிரி. எங்கள்ல அதெல்லாம் பாக்கிறதில்ல" என்றான். பாக்கிறதில்லை என்றால் நடக்கிறதில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் நடக்கும் போலிருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது.

"சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்" என்று இஞ்ஞாசி எழுந்து போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நுரை மேலுதட்டில் காய்ந்து இழுத்தது. மீசையை எடுத்தால் அப்பாவுக்கு ஏதாவது. எடுக்காவிட்டால் பிளாஸ்திரி நழுவி, குழாய் நழுவி, தனக்கு ஏதாவது. இரண்டும் மடத்தனம், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரி நழுவியா சாவார்கள். சரி, முதலாவது? முதலாவதும் மடத்தனம்தான். இரண்டும் மடத்தனம் என்றால் ஏன் எடு என்று சொல்ல நாக்கு வரவில்லை? எண்பது வயசுக்காரருக்கு எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம், மீசை வேண்டியதில்லை. காதில் கத்தையாக முடி முளைத்திருக்கிறது அவருக்கு, ஆயுசு கெட்டி என்பார்கள். வயதான ஆண்களுக்குத் தலையில் போவது காதில் ஏன் முளைக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை மீசையை எடுத்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்து, அப்பாவுக்கு ஆடியிலோ ஆவணியிலோ ஏதாவது ஆனால்? அப்போது இந்த அறைதான் ஞாபகம் வரும். சொந்தக்காரர்கள் வேறு யாரும் வேண்டாம், தானே தன்னை ராஜாமணி ஆக்கிக்கொள்வார். ஒருவேளை எடுக்காமல், ஆபரேஷன் நல்லபடியாக முடியாமல் போனால்? அப்போது மீசையோடு படுத்திருக்கிற மகனுக்கு அப்பா. பெற்றவன் பிள்ளைக்குக் கொள்ளி வைப்பதா, அதற்கு எந்த முடியை எடுப்பார்கள், அதற்கு என்ன முறை என்றே தெரியவில்லை. மார்பு இப்போது மழுமழுவென்று இருந்தது. கையை வைத்தால் பிடிக்க ஒன்றும் கிடையாது, உள்ளே மட்டும் அது தடதடவென்று அடித்துக்கொண்டு, நடுவில் ஒன்றை விட்டு, மறுபடி அடித்தது. அந்த விட்ட இடத்தில் அறையே ஒரு நொடி இல்லாமல் போய்த் திரும்ப வந்தது.

கதவு திறந்தது. இஞ்ஞாசி மட்டும் இல்லை, பின்னாலேயே அப்பா. துண்டைத் தோளில் போட்டிருந்தார். அங்கியை இழுத்து மூடிக்கொள்ளத் தவமணிக்குக் கைகூட எழவில்லை.

"லேசாக் குறைச்சாலே போதுமாம் சார், சிஸ்டர் சொல்லிட்டாங்க" என்றான் இஞ்ஞாசி. "நம்ம இஷ்டந்தானாம். கத்திரிய வச்சு ஓரத்தை மட்டும் தட்டி விட்டுர்றேன்."

அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு. அப்பா பக்கத்தில் வந்து மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வழித்த காலைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், நுரை காய்ந்த முகத்தில் வந்து நின்றார்.

"குறைக்க வேணாம். முழுசா எடுத்துருங்க தம்பி."

"அப்பா."

"எடுக்கச் சொல்லு."

"அதான் வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல. ஓரத்துல வெட்டினாப் போதுமாம்."

"எனக்கும் காது கேக்குது. நான் அந்தம்மாட்ட வேற ஒண்ணும் கேட்டேன். பம்பிங்கு பத்தலையாமே." அப்பாவின் குரலில் கோபம் இல்லை, பஸ்ஸில் முன் படியில் நிற்கிற ஆளிடம் பேசுகிற சாதாரணக் குரல். "நாலு நாள்ல வீடுன்னு எங்கிட்டயே சொல்றியே."

இஞ்ஞாசி பிளேடைத் துணியில் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பெரியய்யா, நீங்க இருக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு" என்றான்.

"ஆமா, கூடாது. எடுத்தா அப்பனுக்குத்தான் ஆகும்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான எடுக்கச் சொல்றேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது இந்த வீட்டுக்கு வரணும்னு கெளம்பிருச்சுன்னா வந்துட்டுப் போகட்டும். வந்தது எங்கிட்ட வரட்டும். ஒண்ணுதான கேக்கும், ரெண்டா கேக்கும்?"

"அப்பா, அதெல்லாம் பொய்யிப்பா. நான் வாத்தியாருப்பா. பொய்யிப்பா அது."

"பொய்யின்னா எடுத்தா என்ன?"

பொய் என்று சொன்னால் எடுக்க வேண்டும், எடுக்காதே என்று சொன்னால் நம்புகிறேன் என்று ஆகும், நம்புகிறேன் என்றால் நீ சாகக்கூடாது என்று சொல்வதாகும், அதை எப்படிச் சொல்வது, சொன்னால் நான் செத்தாலும் பரவாயில்லை என்று அவர் காதில் விழும். அப்பா இஞ்ஞாசியிடம் கண்ணைக் காட்டினார். தவமணி இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினார். தண்ணீர் தெளித்து, நுரை புதுசாகப் போட்டு, விரலால் மூக்கைத் தூக்கி, இடது ஓரத்திலிருந்து ஒரு இழுப்பு, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் இரண்டு. பதினேழு வயதில் முளைத்தது, நாலு இழுப்பில் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் காற்றுப் பட்டது. அப்பா குனிந்து தன் கட்டைவிரலால் அந்த மேலுதட்டை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார், நுரை போயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, ஏதோ பெரிய இடத்தில் சொல்லி மகனுக்கு வேலை வாங்கிவிட்டவர் மாதிரி.

"சரி, நான் கீழ போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன். செல்வராணிக்கும் வாங்கிக் குடுக்கணும், காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம அலையிறா."

திரும்பி நடந்தார். கொஞ்சம் இடது காலைச் சாய்த்துத்தான் எப்போதும் நடப்பார், கிளட்ச் மிதித்த கால். இன்றைக்கு அது அதிகமாகச் சாய்வதாகத் தெரிந்தது. எப்போதும் இப்படித்தானா? தரையில் இஞ்ஞாசி தெளித்த தண்ணீர் கிடந்தது, அப்பா அதைப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நடை, நடை முடிகிற இடத்தில் மாடிப்படி, மூன்று மாடி. பூட்டின பெட்டிக்குள் நின்றுகொண்டு போவதா என்று அப்பா லிஃப்ட்டில் ஏற மாட்டார். ஆஸ்பத்திரியைத் தாண்டினால் ரோடு, டவுன் பஸ் எல்லாம் திரும்புகிற ரோடு, காப்பிக்கடை எதிர்ப்பக்கம். தவமணிக்குத் தன் நெஞ்சு மறந்துபோனது, ரம்பம் மறந்துபோனது, நாளைக் காலை மறந்துபோனது. அங்கி நழுவ முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, குடல் அறுகிற மாதிரிக் கத்தினார்.

"அப்பா, பாத்து நடங்கப்பா. படியில போகாதீங்க. அப்பா, நான் சொல்றதக் கேளுங்க, ரோட்டைத் தாண்டாதீங்கப்பா."

"படுங்க சார், படுங்க" என்று இஞ்ஞாசி தோளைப் பிடித்து அமுக்கினான். கதவு சாத்திக்கொண்டது. அப்பா படியில்தான் இறங்கினார், செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.